நாற்பத்தாறாம் சாவடியில் ஓர் ஓட்டு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாக எழுத வந்ததல்ல. எங்கள் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் தேர்தல் சிறப்பிதழுக்கு நாலு பக்கம் கேட்டார். "நம்ம தொகுதியோட வரலாறு. பதினஞ்சு தேர்தல். யார் ஜெயிச்சா, எவ்வளவு வித்தியாசத்துல ஜெயிச்சா. படிக்கறவன் கொட்டாவி விடக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். தேர்தல் அலுவலகத்தில் இருபது வருடமாகத் தட்டச்சு செய்கிறவன் நான். தொகுதியின் எண்களெல்லாம் என் விரல் வழியாகத்தான் போயிருக்கின்றன. அதற்கென்ன என்று தலையாட்டிவிட்டேன்.

முதல் தொடக்கம்: 'இத்தொகுதி உருவாக்கப்பட்டபோது இதன் மேற்கு எல்லையாக ஏரியின் மறுகரை' (எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டாம் தொடக்கம்: 'எங்கள் ஏரி இருந்த இடத்தைவிட்டு அசைந்ததில்லை, ஆனால் இரண்டு தொகுதிகளில் இருந்திருக்கிறது.' இது பிடித்தது. எல்லையை அழித்து அழித்து வரைந்ததில், அக்கரைத் தெருக்கள் ஒருமுறை எங்களோடு இருந்தன, பிறகு பக்கத்துத் தொகுதியோடு போயின, பிறகு திரும்பி வந்தன. அங்கே இருப்பவர்கள் ஓர் உறுப்பினரின் தொகுதியில் தூங்கி, இன்னொருவரின் தொகுதியில் விழித்திருக்கிறார்கள். படுக்கை மட்டும் அதே படுக்கை.

ஆசிரியர் இதை வெட்டிவிடுவார். வெட்டட்டும்.

2

(இந்தப் பகுதி இல்லாமலும் கதை நடக்கும். ஆனால் எனக்கு இது கனவில் வருகிறது.)

முதல் பதினோரு தேர்தல்களில் காகிதச் சீட்டுதான். எண்ணுவதற்கு முன் எல்லாப் பெட்டிகளையும் ஒரு பெரிய டிரம்மில் கொட்டிக் கலக்குவார்கள். எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று யாருக்கும் தெரியக் கூடாது. அக்கரையும் இக்கரையும், சண்டைக்காரர்களும் சம்பந்திகளும் அந்த டிரம்முக்குள் ஒன்றாகச் சுற்றுவார்கள். பிறகு இயந்திரம் வந்தது. வாக்குச்சாவடி வாரியாகக் கணக்கு வந்தது. யார் எங்கே எத்தனை என்று அச்சாகி வரத் தொடங்கியது. அதை அச்சாக்கியவன் நான்.

3

தோற்றவர்களுக்கும் ஒரு பத்தி வேண்டும் என்று தோன்றியது. அப்படித்தான் பூட்டுக்காரர் இதற்குள் வந்தார்.

பூட்டுப் பழுது பார்ப்பவர். கடந்த நான்கு தேர்தலிலும் சுயேச்சையாக நின்றவர். பூட்டுச் சின்னம் கேட்டார், குடை கொடுத்தார்கள். ஏன் நிற்கிறார்? இதற்கு மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன்.

'சிறு வயதில் அவருக்கு நேர்ந்த ஓர் அவமானம்' (இல்லை.)

'நாட்டின் மீதுள்ள தீராத' (சத்தியமாக இல்லை.)

'நிற்காமல் இருக்க முடியவில்லை.' (அவர் மனைவி சொன்னது. இருக்கட்டும்.)

திங்கட்கிழமை நான்கு தேர்தல்களின் சாவடிப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். சுவர் முழுக்கச் சாவிகள். அவர் அந்தத் தாள்களை அதுவரை பார்த்ததே இல்லை. விரலை வைத்து வரிவரியாக இறங்கினார்.

"இது என் மச்சான் தெரு. இது நம்ம சங்கத்து ஆளுங்க. இந்தப் பதினேழு பேரும் எங்கிட்ட பூட்டு மாத்தினவங்க, பயந்து போட்டிருப்பாங்க. சாவி எங்கிட்ட இருக்குல்ல!" சிரித்துக்கொண்டே இறங்கிய விரல் நாற்பத்தாறில் நின்றது.

அவர் நின்ற முதல் தேர்தலில் ஒன்று. இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதில் ஒன்று. நான்காவதில் சுழி.

"அக்கரையா? அங்க எனக்கு யாரையுமே தெரியாதே, தம்பி. நான் அந்தப் பக்கம் ஓட்டுக் கேட்டுக்கூடப் போனதில்ல."

விரலை நாற்பத்தாறிலிருந்து எடுக்கவில்லை. பிறகு, "மத்ததெல்லாம் என் மூஞ்சிக்கு விழுந்தது. இது ஒண்ணுதான் எனக்கே விழுந்திருக்கு" என்றார். கண் கலங்கிவிட்டது.

"இந்தத் தடவை நிக்கறீங்களாண்ணே?" என்று கேட்டேன். வேட்புமனுவுக்கு வெள்ளிக்கிழமை மூன்று மணி கடைசி.

"அந்த ஆள் செத்துப் போயிருந்தா நிப்பேன். அவருக்காகவாவது நிப்பேன். மனசு மாறிப் போயிருந்தா நிக்க மாட்டேன். அவரே வேணாம்னதுக்கு அப்புறம் எனக்கென்ன வேலை?"

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. "முன்னபின்ன தெரியாத ஒருத்தர் செத்திருக்கணும்னு வேண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கற மனுஷனை இப்பத்தான் பாக்கறேன்!"

4

செவ்வாய்க்கிழமை காலை, ஏரிக்கரை மேல் இரண்டு சைக்கிள்கள். மூன்றாம் தேர்தலுக்கும் நான்காம் தேர்தலுக்கும் நடுவே இறந்துபோனதால் நாற்பத்தாறாம் சாவடிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பெயர்கள் ஆறு. அந்தத் தாள் என் பையில்.

தண்ணீரின் மேல் பனி. அக்கரை தெரியவில்லை. பூட்டுக்காரர் அந்த ஆளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். ஒல்லியாக இருப்பார் என்றார். அதிகம் பேச மாட்டார் என்றார். ஓட்டுப் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொள்வார் என்றார். பாதி வழியில் எனக்கே அவரைத் தெரிந்ததுபோல் ஆகிவிட்டது.

முதல் வீடு: "அப்பா உங்களுக்குத்தான் போட்டாரு. குடைதான்டா, குடைதான்டான்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

இரண்டாம் வீடு: "எங்க அம்மாவா? உங்களத் தவிர யாருக்கும் போட்டதில்லீங்க."

துக்கம் கேட்க வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப யாருக்கு மனசு வரும்? ஐந்து வீட்டிலும் இதே பதில். விழுந்தது ஓர் ஓட்டு. போட்டவர்கள் ஐந்து பேர். ஆறாவது வீடு பூட்டியிருந்தது. அதைத் திறக்கத் தெரிந்தவர்தான் என்றாலும் திரும்பி வந்துவிட்டோம்.

"அஞ்சுல எதுன்னு தெரியல. ஆனா செத்துட்டாரு, அது நிச்சயம்" என்றார். நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதியை நான் பார்த்தேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

5

(இதை எழுதாமல் தாண்டிவிடலாம் என்று இரண்டு முறை முயன்றேன்.)

புதன் காலை அலுவலகத்தின் பழைய தாள் அறைக்குப் போனேன். சாவடி அதிகாரிகள் கையால் எழுதிய மூலப் படிவங்கள் அங்கேதான் இருக்கின்றன. கட்டுரைக்காக ஒரு படம் பிடித்துக்கொள்ளலாம் என்று போனதுதான்.

நாற்பத்தாறாம் சாவடி. முதல் தேர்தல்: ஒன்று. நீல மையில், தெளிவாக. இரண்டாம் தேர்தல்: சுழி. மூன்றாம் தேர்தல்: சுழி.

உடனே புரிந்துவிட்டது. நான் ஒவ்வொரு தேர்தலுக்கும் கணினியில் பழைய பட்டியலையே திறந்து, அதன் மேலேயே புது எண்களை அடிப்பேன். பெரிய கட்சிகளின் எண்ணெல்லாம் மாறும். கடைசியில் இருக்கும் சுயேச்சையின் இடத்தில் சுழி என்றால் அடிக்காமல் தாண்டிவிடுவேன். அங்கே முன்பும் சுழிதானே இருக்கும்? இந்த ஓர் இடத்தில் மட்டும் பழைய ஒன்று அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அறிவித்த மொத்தம் வேறு தாளிலிருந்து வந்தது. என் பட்டியலைக் கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நான்காம் தேர்தலுக்குப் புதிதாக வந்த பெண், எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிப்பவள், சுழியைச் சுழியாகவே அடித்துவிட்டாள்.

ஆக, இரண்டு தேர்தல்களில் பூட்டுக்காரருக்கு அக்கரையில் ஓட்டுப் போட்டவன் நான்தான். விரலில் மைகூட இல்லாமல்.

வெட்கமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று வெளியே வந்தேன். வாசலில் அவர் சைக்கிளோடு நின்றார். "ஆறாவது வீடு திறந்திருக்காம், தம்பி. வா, அதையும் பாத்துடுவோம்."

6

ஆறாவது வீட்டில் ஜன்னலோரம் தையல் இயந்திரம். அதன் முன்னே ஒரு பெண்மணி, அறுபது இருக்கும். பட்டியலிலிருந்து போன பெயர் அவர் கணவருடையது. பூட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரா? அவர் உங்களுக்குப் போடலீங்க. ஜெயிக்கற பக்கம்தான் போடுவாரு" என்றார் தையல்காரம்மா.

பூட்டுக்காரர் சிரித்துவிட்டார். எழுந்திருக்கப் போனார்.

"நான்தான் போட்டேன்."

"நீங்களா?"

"நீங்க முதல் தடவை நின்னப்ப. கடையில சட்டைப் பட்டன் வாங்கினேன், அதை மடிச்சுக் குடுத்த தாள் உங்க நோட்டீஸ். கேள்வி கேட்டா பதில் சொல்ற வேட்பாளர்னு போட்டிருந்தது. எங்கிட்ட ஒரு கேள்வி இருந்தது. சரி, ஓட்டுப் போட்டா வருவீங்கன்னு போட்டேன். நீங்க இந்தப் பக்கம் வரவே இல்ல. அடுத்த தடவையிலேருந்து போடல."

அந்த அறையில் அவரைத் தவிர, இது உண்மை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பூட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். குரலில் அத்தனை மரியாதை. "கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்க நல்ல மனசுல சொல்றீங்க. ஆனா நான் தேடற ஆள் மூணு தடவை போட்டவரு. பாருங்க, அச்சுல இருக்கு."

தையல்காரம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். மூன்று ஒன்றுகள். என் ஒன்றுகள்.

"அச்சுல அப்படியா இருக்கு?" என்றார். தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அப்ப அது நான் இல்ல போலிருக்கு."

இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் பூட்டுக்காரர், முதல் வீட்டு அப்பாதான் அந்த ஆள் என்று முடிவுக்கு வந்திருந்தார். வெள்ளிக்கிழமை மனுப்போடுவதாகவும் சொன்னார். பனி விலகி ஏரி முழுவதும் தெரிந்தது.

7

முடிவு ஒன்று: அவர் நிற்கிறார், சந்தோஷமாக, என் சோம்பலின் மேல். (எழுதினேன். நன்றாகவே வந்தது. கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்தி நான் சொல்லிவிடுகிறேன். அவர் (இதற்கு மேல் மூன்று முறை முயன்றும் அவர் என்னோடு பேச மறுக்கிறார்.)

ஆசிரியரிடம் கேட்டேன். "முடிவை வாசகர்கிட்ட விட்டுடுங்க, இப்ப அதான் பழக்கம்" என்றார். வியாழக்கிழமை பத்திரிகை வருகிறது. சரி, விட்டுவிடுகிறேன். ஆனால் எல்லா வாசகரிடமும் அல்ல. மற்றவர்கள் மன்னிக்க வேண்டும்; இனி வரும் வரிகள் ஒரே ஒருவருக்கு.

அண்ணே, நாற்பத்தாறாம் சாவடியில் உங்களுக்கு விழுந்தது ஒன்று. மற்ற இரண்டும் நான் செய்த தப்பு. நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் தேடிய ஆள் சாகவில்லை, மனசும் மாறவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. காத்திருந்து அலுத்துப் போயிருக்கிறார். மனுப்போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். ஆனால் அதற்கு முன் ஒருமுறை அக்கரைக்குப் போய்விட்டு வாருங்கள். தாளை எடுத்துப் போகாதீர்கள். அந்தம்மாவின் கேள்வி என்ன என்று நான் கேட்டு வைக்கவில்லை. அது உங்களுக்கு வைத்திருந்த கேள்வி.