நித்திரையடைந்தார் (டெஸ்ட்)

1

இந்தக் கதை எனக்கு ஒரு சாவுச் செய்தியாகத்தான் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நம் சபையைச் சேர்ந்த திரு. அஜின், வயது 29, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." எங்கள் ஊர் கருங்கல் சபையின் உறுப்பினர்கள் எல்லோருக்கும் மத்தியானம் போனில் வந்தது. நானும் உறுப்பினன்தான். கோயில் பக்கமே போகாவிட்டாலும் என் எண்ணை யாரும் நீக்கவில்லை. நல்ல பயலாயிற்றே என்று வருத்தப்பட்டேன். சாயங்காலம் டீக்கடைக்குப் போனால், நித்திரையடைந்தவர் பழம்பொரியைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்.

"டெஸ்ட் பண்ணினேன் அண்ணா, தெரியாம எல்லாருக்கும் போயிட்டு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சும்மா கிடைத்த சிரிப்புக்கதையை யார் விடுவார்கள்? அன்றே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மதியத்தில்..."

(மழை பெய்யவில்லை. எழுத வராதபோது நான் மழையை வரவழைத்துக்கொள்வேன்.)

இரண்டாவது தொடக்கம்: "மரணம் என்பது ஒரு செய்தி மட்டுமே என்று அஜின்..."

(அஜின் அப்படியெல்லாம் யோசிக்கிறவன் இல்லை. பழம்பொரி தின்கிறவன்.)

சரி, நடந்ததைச் சொல்கிறேன். அஜின் திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டு மாடியிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். சபையின் வலைத்தளத்தைச் செய்து கொடுத்தவனும் அவன்தான். சபையில் யாராவது இறந்தால் செயலாளர் ராஜையன் அதில் பெயரைப் போட்டு அழுத்துவார். உள்ளூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற எல்லா உறுப்பினர்களின் போனுக்கும் செய்தி போய்விடும்.

அன்று செல்வதாஸ் வாத்தியார் இறந்திருந்தார். ராஜையன் அழுத்தினால் 'பிழை' என்று மட்டும் வந்தது.

"மக்கா அஜினே, வாத்தியாருக்க பெட்டி வந்தாச்சு. செய்தி போவல்ல. துபாயில இருந்து மவன் விளிச்சிட்டே இருக்கான். எந்தாக்கும் இது?"

தளத்துக்கு ஒரு நகல் உண்டு. எந்தப் பிழையையும் அந்த நகலில் வைத்துத்தான் தேட வேண்டும். அதிலிருந்து யாருக்கும் செய்தி போகாது. எத்தனை பேரைச் சாகடித்தாலும் ஊருக்குத் தெரியாது. அஜினும் நகலில்தான் முயன்றான். ஆனால் நகலில் பிழை வரவில்லை. நிஜத்தில் மட்டும் வந்தது. அதனால் நிஜத் தளத்திலேயே, செய்தி அனுப்பும் வரியை மட்டும் நிறுத்திவிட்டுச் சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தான். இரண்டு ஜன்னல்கள் திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நகலின் ஜன்னலில் நிறுத்தினான். நிஜத்தின் ஜன்னலில் அழுத்தினான்.

(பிழை என்னவென்று பிறகு தெரிந்தது. 'செல்வதாஸ் (வாத்தியார்)' என்று நிஜத் தளத்தின் பட்டியலில் மட்டும் இருந்த அடைப்புக்குறியைத் தளத்தால் விழுங்க முடியவில்லை. அது தெரிந்தும் நான் அடைப்புக்குறி போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.)

தளத்தில் பெயர் போடும் கட்டத்தில் வாயில் வந்த பெயரைப் போட முடியாது, சபை உறுப்பினரின் பெயரைத்தான் ஏற்கும். "யாருக்க பேரண்ணா போட?" என்று டீக்கடையில் அஜின் என்னிடம் கேட்டான். "உயிரோட இருக்கிய ஒரு ஆளுக்க பேரை அந்த எடத்துல போட கை வருமா? அதான் எனக்க பேரையே போட்டேன்."

அந்தப் பெயரில் அடைப்புக்குறி இல்லை. ஒரு பிழையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

3

அஜினின் அம்மை ராகேல் அப்போது சந்தையில் நெத்தோலி வாங்கிக்கொண்டு நின்றாள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். போன் மணியடித்ததும் மீன் விற்கிற குளோரியிடம் நீட்டினாள்.

"இத கொஞ்சம் வாசிச்சு சொல்லேன்."

குளோரி கடற்கரைக்காரி, ராகேல் வீட்டு ஆட்களைத் தெரியாது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாசித்தாள்.

"யாரோ அஜினாம். இருவத்தொம்பது வயசாம், பாவம். ஒங்க ஆளுவளா அக்கா?"

(இதற்கு ராகேல் என்ன பதில் சொன்னாள் என்று நான் எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் பொய்யாக இருந்தது. குளோரியிடமே கேட்டேன். "மீனை வாங்காம போயிட்டா" என்றாள்.)

ராகேல் செருப்பில்லாமல் வீடு வந்து மாடி ஏறினாள். மகன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். பிறகு அந்தக் கன்னத்தையே பிடித்துக்கொண்டு அழுதாள். தெருவே வந்து நின்று சிரித்தது. ராஜையன் மறுப்புச் செய்தி அனுப்பினார். அதோடு ஒரு அறிவுரையும் சேர்த்தார்: இனி இத்தளத்திலிருந்து மரணச் செய்தி வந்தால், போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு புறப்படவும்.

என் சிரிப்புக்கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

4

அன்றிலிருந்து ராகேல் கீழேயிருந்து கூப்பிடத் தொடங்கினாள். தேங்காய் துருவும்போது, துணி காயப்போடும்போது.

"மக்கா அஜினே, இருக்கியா?"

"இருக்கேன் அம்மை."

கொஞ்ச நாளில் அது "ஓ" என்று சுருங்கியது. பிறகு எரிச்சலாகவும் ஆனது. "எங்க போவேன்? இஞ்சதானே கெடக்கேன்" என்று கத்தியிருக்கிறான். ஒரு நாள் முற்பகல் கம்பெனிக் கூட்டத்தில் இருந்தான். காதில் ஹெட்போன். அவள் எத்தனை தடவை கூப்பிட்டாளோ தெரியாது. பதில் வராததால் மாடி ஏறியிருக்கிறாள். பாதிப் படியில் விழுந்துவிட்டாள்.

(இருதயம் முன்பே பலவீனம் என்று டாக்டர் சொன்னார். அதை எழுதினால் அஜினுக்கு ஆறுதலாக இருக்கும். எழுதிவிட்டேன். அவனுக்கு ஆறுதலாக இல்லை.)

வேறு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். அவன் "இருக்கேன்" என்றான், அவள் தேங்காயைத் துருவினாள். இன்னொன்றில் குளோரிக்கு வாசிக்கத் தெரியாது. மற்றொன்றில் அஜின் என் பெயரைப் போட்டான். நான் செத்துப்போனதை விசாரிக்க ஒருவரும் வரவில்லை, அவ்வளவுதான். என் நகல்கள் எதிலும் ராகேல் சாகவில்லை. நகலில் பிழை வருவதே இல்லை. எனக்கு அதில் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

5

பெயர் போட ராஜையனுக்கு மனம் வரவில்லை. அஜினே போட்டான். 'ராகேல், வயது 58.' தொடர்புக்குத் தன் எண். ஜன்னலை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து, நிஜத் தளத்தில்தான் அழுத்தினான்.

உடனே போன் வரத் தொடங்கியது.

"ஏலே அஜினே, பின்னயும் டெஸ்டா?"

"இல்லே மாமா. அம்மை போயிட்டா."

"வெளையாடாதே. அம்மைகிட்ட போனைக் குடு."

வைத்ததும் அடுத்தது. குவைத்திலிருந்து சித்தி ரெஜிலா சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். அவள் சிரிப்பு நிற்கும்வரை அவன் காத்திருக்க வேண்டியிருந்தது. சிலர் கூப்பிடவும் இல்லை, பழைய தவறுதான் என்று அழித்துவிட்டார்கள். முற்றத்தில் பந்தல் போட்டு நாற்காலிகளை விரித்திருந்தார்கள். உட்கார ஆளில்லை. பெட்டியைத் தூக்க நான்கு பேர் வேண்டும். நானும் ராஜையனும் இருந்தோம்.

"ஒவ்வொருத்தனுக்கும் எனக்க அம்மையை நானே கொல்லணுமா அண்ணா?" என்று அஜின் கேட்டான்.

(இந்தக் கேள்விக்குப் பிறகு நான் எழுதிய பக்கத்தை அடித்துவிட்டேன். அதில் ஊரே திரண்டு வந்தது.)

முடிவு என்னிடம் இல்லை. செய்தி உங்களுக்கும் வந்துவிட்டது. ஒரு கதைக்குள் வந்ததால் நீங்களும் நம்பவில்லை, எனக்குத் தெரியும். உறுதிப்படுத்திக்கொள்ள அழைக்கிறீர்கள். மணி அடிக்கிறது. அஜின் எடுத்துவிட்டான், நீங்கள் பேசுவதற்காகக் காத்திருக்கிறான். அவனிடம் என்ன கேட்கப்போகிறீர்கள்?