மேஃப்ளவர் திரும்பிப் போகிறது

லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஆங்கிலம் விளங்காத தமிழ்ப் பிள்ளைகளுக்கு ரீச்சர் சொல்வதைத் தமிழில் சொல்வதுதான் என் வேலை. தொண்ணூற்றோராம் ஆண்டு என் பொறுப்பில் ஒரே ஒரு பிள்ளைதான், ஆறு வயது அஞ்சலீனா. சண்டைக்குத் தப்பி, தகப்பன் செபமாலைமுத்துவோடு மன்னாரிலிருந்து வந்தவள். பேசாலைக் கரையில் வள்ளம் நிரம்பிவிட, அடுத்ததில் வருகிறேன் என்று தாய் நின்றுவிட்டாராம். பிறகு சேதியே இல்லை. பிள்ளை வகுப்பில் வாய் திறப்பதில்லை. ஒரு சொல்லாவது பேசமாட்டாளா என்று அந்தோனியாருக்கு நேர்த்திகூட வைத்தேன். நான் சைவக்காரி, என்றாலும் வைத்தேன்.

அன்றைக்கு, முந்தி இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு ஆட்களை ஏற்றிப்போன மேஃப்ளவர் கப்பலின் கதை. வகுப்பு ரீச்சர் மிஸிஸ் பேக்கர் கதிரைகளை வரிசையாக வைத்து, இதுதான் கப்பல் என்று பிள்ளைகளை ஏற்றினார். கதை சொல்லத் தொடங்கினால் அந்த மனுசிக்கு மூச்சு விடவும் நேரமில்லை. நான் எப்படித் தமிழில் சொல்லி முடிப்பது? எனக்கு எரிச்சலாக வந்தது.

"முந்தி ஒரு ராசா, நான் சொல்லுற மாதிரித்தான் கும்பிட வேணுமெண்டு ஒற்றைக்காலில நிண்டவராம்," என்று அஞ்சலீனாவின் காதில் சொன்னேன். "மாட்டமெண்ட ஆக்களைப் பிடிச்சு மறியலில அடைச்சவராம். அதாலதான் கொஞ்சப்பேர் கப்பலேறிப் போச்சினம்."

புயல் வந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டு ஆடினார்கள். அஞ்சலீனாவும் ஆடினாள். எனக்குப் பெரிய சந்தோஷம். கரை வந்துவிட்டது என்றதும் எல்லாரும் குதித்து இறங்கினார்கள். அவள் மட்டும் அசையவில்லை.

"இறங்கு குஞ்சு."

"மாட்டன்."

ஐயோ, என்ரை பிள்ளை பேசிவிட்டாள்!

"எல்லாரும் இறங்கினா, அங்க நிக்கிற ஆக்களை ஆர் ஏத்துறது?" என்றவள், எழும்பித் தன் கதிரையை வந்த திசைக்குத் திருப்பிப் போட்டாள்.

அவள் சொன்னதை நான் மிஸிஸ் பேக்கருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மற்றக் கதிரைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். "அந்தக் கப்பல் உண்மையிலேயே திரும்பிப் போனதுதான். அதையும் அவளுக்குச் சொல்லுங்கள்," என்றார். அவரில் இருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது.

பள்ளி விட, செபமாலைமுத்து வேலை உடுப்போடு வகுப்பு வாசலுக்கு வந்தார்.

"அப்பா, கெதியா ஏறுங்கோ," என்றாள் அஞ்சலீனா. "அம்மா கரையில நிக்கிறா."

அவர் என்னைப் பார்த்தார். "ஏறுங்கோ அண்ணை," என்றேன்.

அந்தச் சின்னக் கதிரையில் மகளுக்குப் பின்னால் குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் திரும்பிப் பார்க்காமல் கப்பலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.