மருந்தை விட்டு ஓடிய பதினொரு பேர்

டாக்டர் குணசேகரன் ஊருக்கெல்லாம் நல்லவர். சுடர்விழிக்கு மட்டும் அவர் சிரித்தாலே பற்றிக்கொண்டு வரும். ஆறு வருஷமாக அவருடைய துறையில் ஆராய்ச்சி உதவியாளராக இருக்கிறாள். கட்டுரைகளை வரி வரியாகத் திருத்துவது இவள், மேடையில் பொன்னாடை வாங்குவது அவர்.

வருகிற மார்ச்சில் அவருக்கு ஓய்வு. அதற்குள், 1993இல் எழுதிய காசநோய்க் கட்டுரையைத் தூசி தட்டி, ‘முப்பது ஆண்டுகளுக்குப் பின்’ என்று வெளிநாட்டு இதழ் ஒன்றில் போட்டுவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் அந்தக் காலத்துப் பாஷையோடு போனால் இன்றைய இதழ்கள் வாசலிலேயே விரட்டிவிடும். நோயாளிகளை அதில் ‘கேஸ்’ என்று எழுதியிருந்தார். பாதியில் மருந்து நின்றுபோனவர்கள் ‘டிஃபால்டர்’. ‘படிப்பறிவும் பொறுப்பும் இல்லாத கூலிகள்’ என்று ஒரு வரி வேறு. அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள், பதவி உயர்வும் வாங்கினார்கள்.

எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று இதழ் போட்டிருந்த பட்டியலை வைத்துக்கொண்டு சுடர்விழி மாற்ற உட்கார்ந்தாள். கேஸ் போய்ப் ‘பங்கேற்பாளர்’ வந்தது. டிஃபால்டர் போய்த் ‘தொடர்சிகிச்சையில் விடுபட்டவர்’ வந்தது. கூலிகள் ‘பொருளாதாரத்தில் நலிந்தோர்’ ஆனார்கள். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அதன் புத்தி போகாது என்பார்கள். இந்தக் கட்டுரையின் புத்தியும் போகவில்லை. மருந்து நின்று பதினொரு பேர் செத்ததற்கு அந்தப் பதினொரு பேரே காரணம் என்று முன்பு திட்டிச் சொன்னது, இப்போது மரியாதையாகச் சொன்னது.

அட்டவணையில் இருபத்தேழாம் எண்: ஆண், வயது முப்பத்துநான்கு, கூலி, இலுப்பூர் பக்கம். அது அவளுடைய அப்பா சூசைராஜ். அவளுக்கு அப்போது மூன்று வயது. மாத்திரை வாங்கச் சோம்பல்பட்டுச் செத்தவன் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் அவருக்குப் பேர். அந்தப் பேச்சை அம்மா இன்னாசியம்மாள் சொந்த அண்ணன் வீட்டுப் பந்தியில்கூடக் கேட்டிருக்கிறாள்.

அப்பாவின் மருந்து அட்டையை அம்மா பைபிளுக்குள் வைத்திருந்தாள். புதன்கிழமைதோறும், அன்று டாக்டர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ஜீப் மருந்தோடு ஊர் மாதா கோவில் வாசலுக்கு வரும். மருந்துக்கு வந்து நிற்கிறவரின் அட்டையில் கோவில் உபதேசியார் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார். மாத்திரை கொடுத்ததும் நர்ஸ் சீல் குத்துவார். அது அந்த ஊரில் மட்டும் இருந்த வழக்கம். அட்டையில் கடைசி ஒன்பது புதன்கிழமைகளுக்குக் கையெழுத்து இருந்தது. சீல் இல்லை.

அட்டையைக் கொண்டுபோய் டாக்டரின் மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். ஜீப்புக்கு அப்போது டீசல் அனுமதி வரவில்லை, இரண்டு மாதம் ஷெட்டிலேயே நின்றது என்று சாதாரணமாகச் சொன்னார். முப்பது வருஷமாக அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

“இது எங்கப்பா அட்டை சார். செத்த மத்த பத்துப் பேரும் எங்க ஊருதான். வண்டி வரலைன்னு ஒரு வரி எழுதுங்க.”

அவர் அட்டையை ஒற்றை விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

“ஒன்ன வார்த்தைய மாத்தத்தான் சொன்னேன். கட்டுரைய மாத்தச் சொல்லல.”

மறுநாள் குரலில் தேன் சொட்டியது. இத்தனை உழைத்தவளுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா என்று, கட்டுரையை எழுதியவர்கள் வரிசையில் அவள் பெயரை இரண்டாவதாகச் சேர்த்துவிட்டாராம். அவள் நன்றியும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாயை அடைத்தாயிற்று என்று அவர் நிம்மதியாகக் கட்டுரையை அனுப்பிவைத்தார்.

அவர் காலத்தில் பெயரைப் போட்டால் போட்டதுதான், யாரும் யாரையும் கேட்டதில்லை. இப்போதெல்லாம் இதழ்கள் எழுதியவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மெயில் அனுப்பிச் சம்மதம் கேட்கின்றன. அந்தச் சடங்கை அவர் பெரிதாக எண்ணவில்லை. மூன்று வாரம் கழித்து மெயில் வந்த அன்று, உள்ளறையிலிருந்தே குரல் கொடுத்தார்.

“இதழ்லேருந்து வந்துச்சாம்மா? ஒரு எஸ் போட்டு விட்ரு.”

“போட்டுட்டு வாரேன் சார்.”

இந்தக் கட்டுரையில் உள்ளவை உண்மை என்று ஏற்கிறீர்களா என்று கேட்டிருந்தது. ஏற்கவில்லை என்பதை அழுத்தினாள். காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் திறந்தது.

‘பதினொரு பேரும் விடுபடவில்லை. ஒன்பது புதன்கிழமை வந்து காத்திருந்தார்கள். நாங்கள் போகவில்லை.’

நாங்கள் என்று எழுதக் கை கூசியது. ஆனால் அவர்தானே அவளையும் அந்த வரிசையில் சேர்த்தார்? அழிக்காமல் விட்டாள். அப்பாவின் அட்டையைப் படமெடுத்துச் சேர்த்து அனுப்பினாள்.