அறுபத்தொரு படிகள்

ரயில்பாதைக்கு மேலே கட்டாமலே பில் பாஸான நடைபாலத்தில் முதன்முதலாக ஏறியவர், அந்தப் பில்லில் கையெழுத்துப் போட்ட ஓவர்சியரின் மனைவி. அவர் ஆஸ்பத்திரி நர்ஸ். காலை டியூட்டிக்கு நேரமாகிவிட்டிருந்தது. ரயில்வே கேட் மூடியிருக்க, ஒரு கூட்ஸ் வண்டி அசையாமல் நின்றது. பக்கத்தில், 'நடைபாலம், எண்பத்து நான்கு லட்சம், பணி முடிந்தது' என்று ஒரு பலகை. பலகைக்குப் பின்னால் இருந்தவை இரண்டு ஆடுகள் மட்டும். அவர் பலகையைப் படித்தார், கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார், காற்றில் கால் வைத்தார். கால் நின்றது. அன்றைக்கு ஏழு நிமிடம் முன்னதாகவே வேலையில் இருந்தார்.

மறுவாரம் ஊரே ஏறியது. வானத்தில் குடைகள் வரிசையாகப் போயின. சைக்கிளைத் தோளில் சுமந்து தபால்காரர் போனார். பனி இறங்கிய காலைகளில் எல்லோரும் இடுப்புக்கு மேல் காணாமல் போய், மறுபக்கத்தில் முழுசாக இறங்கினார்கள். உயரம்தான் ஒரே குறை. ரயிலுக்கு முப்பத்தெட்டுப் படி தாராளம், இதில் அறுபத்தொன்று. காண்ட்ராக்டர் வேறோர் ஊர் ஆற்றுப்பாலத்தின் மதிப்பீட்டை, வெள்ள மட்டமும் படகு போகும் இடைவெளியும் உட்பட, வரி விடாமல் காப்பியடித்திருந்தார். ஓவர்சியர் இடத்தைப் போய்ப் பார்க்காமல் அதையே அளவுப் புத்தகத்தில் ஏற்றிவிட்டார். அதனால் பாலத்தின் நடுவில் நின்றால் கண்ணுக்குத் தண்டவாளம், காதுக்கு ஆறு. ஒருவர் அங்கிருந்து தூண்டில் போட்டு இரண்டு கெண்டை பிடித்தார். ஆற்று மீன் என்று சொல்லிக் கூடுதல் விலைக்குத் தள்ளியும் விட்டார்.

ஏற முடியாதவர்கள் இரண்டே பேர். காண்ட்ராக்டருக்கும் ஓவர்சியருக்கும் கால் வைத்த இடமெல்லாம் வெறும் காற்று. காண்ட்ராக்டர், பாலம் குறுகல் என்று குறை சொல்லிவிட்டு, காரில் மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போனார். ஓவர்சியர் தினமும் கீழே நின்று, மனைவி தலைக்கு மேலே நடந்துபோவதைப் பார்த்து வியர்த்தார்.

நான்காம் ஆண்டு தணிக்கை வந்தது. அதிகாரியம்மா சுற்றி வளைக்கவில்லை. "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால பாலத்தைப் பாத்தீங்களா, இல்லையா? நாளைக்குச் சொல்லுங்க."

பார்த்தேன் என்றால் வேலை, பென்ஷன், மானம் மூன்றும் தப்பும். இல்லை என்றால் பில் ரத்து. பாலம் நின்றதே அந்தப் பில்லின் மேல்தான். அதைக் கோடு போட்டு அடித்தால், மேலே இருப்பவர்கள் கீழே.

மனைவி யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டபடி கேட்டார். "பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப இல்லன்னே சொல்லுங்க. நாலு வருஷமா அண்ணாந்து பாத்து உங்களுக்குக் கழுத்து வலி. மாத்திரை வாங்கி எனக்குக் கை வலி."

"நீ விழுந்துடுவியே."

"நான் மட்டுமா போறேன்? ஆள் இல்லாத நேரமாப் பாத்து அடிக்கச் சொல்லுங்க."

மறுநாள் ஓவர்சியர் அதிகாரியம்மாவிடம் அப்படியே சொன்னார், எழுதியும் கொடுத்தார். கோரிக்கை நியாயமாகப் பட்டதால், அதிகாரியம்மா படியடியில் ஒரு நாற்காலியைப் போட்டு, சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பாலம் காலியாகக் காத்திருந்தார். விஷயம் ஊருக்குத் தெரிந்தது. கடைக்காரர்கள் கூடிப் பேசி, மேலே எப்போதும் ஆள் இருக்க மணிக்கு ஒரு வீடு என்று முறை வைத்தார்கள். சீப்பு விற்பவர் நடுப்பாலத்தில் நிரந்தரமாகவே கடை விரித்தார். மூன்று பேனாக்கள் காய்ந்தன. அதிகாரியம்மா ஓய்வு பெற்றார்; அடுத்து வந்தவர் அதே நாற்காலியில் ஒரு மெத்தை போட்டு உட்கார்ந்தார். காண்ட்ராக்டரின் காரும் வீடும் ஏலம் போய்ப் பணம் கஜானாவுக்குத் திரும்பியது. அந்தப் பணத்தில் உண்மையான பாலம் கட்ட டெண்டர் விட்டார்கள். இடத்தைப் பார்க்க வந்தவர்கள், இங்கேதான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று திரும்பிப் போனார்கள்.

சஸ்பெண்டாகி அரைச் சம்பளத்தில் இருந்த ஓவர்சியர் வீட்டுக்கும் முறை வந்தது, செவ்வாய் மதியம். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, முதல் படியில் கால் வைத்தார். நின்றது. மூச்சிரைக்க அறுபத்தொன்றையும் ஏறி, நடுவில் வந்து, வாய் திறந்தபடி நின்றுவிட்டார். எதிரில் டியூட்டி முடிந்து மனைவி வந்துகொண்டிருந்தார். பின்னால் ஒரு கூட்டம்.

"நடுவுல நிக்காதீங்க. போறவங்க வரவங்களுக்கு வழி விடுங்க."

ஓவர்சியர் ஓரமாக ஒதுங்கி, கைப்பிடியில் சாய்ந்துகொண்டார்.