மேலே இருந்த நாலு வரி

ஞாயிற்றுக்கிழமை காலையும் அதுவுமாக, காய் நறுக்கிய பலகையைக்கூடக் கழுவ விடாமல், கணவன் லேப்டாப்பைக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தான்.

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஓடவே மாட்டேங்குது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட காட்டியாகணும். கொஞ்சம் பாரேம்மா."

டாக்டர் வரத் தாமதமானால், காத்திருக்கும் அத்தனை பேருக்கும் நேரத்தை மாற்றிக் குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருள் அது. கல்யாணத்துக்கு முன்பே அவள் எழுதி, இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவைத்தது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்றுக்கூடப் பிழைக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. கோப்பின் மேலே இருக்கும் நாலு வரி உரிமக் குறிப்பும் அவள் பெயரும் அப்படியே இருக்கவேண்டும். அவன் அதைத் தன் அலுவலகத்துக்கு எடுத்துப்போகிறேன் என்றபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு திறந்தாள். அவள் பெயர் இருந்த இடத்தில் கம்பெனி பெயர் சட்டமாக உட்கார்ந்திருந்தது. கீழே போகப் போக எல்லா இடத்திலும் அதே கதை. நிரலின் பாதிப் பகுதிகள் இருக்கும் ஃபோல்டருக்கே அவள் பெயரைத்தான் வைத்திருந்தாள். புண்ணியவான் ஒரே தட்டில் அவள் பெயரைத் தேடி மாற்றித் தள்ளியதில், நிரல் இப்போது இல்லாத ஃபோல்டரைத் தேடிக்கொண்டிருந்தது. பிறகு எங்கிருந்து ஓடும்?

"என் பேர எடுத்தது யாரு?"

"நான்தான். ஃப்ரீயா குடுத்ததுதானே, அதுக்கென்ன இப்போ?"

"மென்பொருளத்தான் குடுத்தேன். பேரையுமா சேத்துக் குடுத்தேன்?"

முகம் தெரியாத எத்தனையோ பேர் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஒருத்தர்கூட அந்த நாலு வரியில் கை வைத்ததில்லை. கூடவே சாப்பிட்டு, கூடவே தூங்குகிற மனுஷனுக்குத்தான் அது உறுத்தியிருக்கிறது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"சரி, கீழ மட்டும் உன் பேரு இருக்கட்டும். மேல வேண்டாமே. அங்க யாரு பாக்கப் போறா?"

"யாரும் பாக்கலேன்னா இருந்துட்டுப் போகட்டுமே. உங்களுக்கு என்ன நோகுது?"

அவன் பின்கழுத்தைச் சொறிந்தான். ஜன்னலைப் பார்த்தான். "பொண்டாட்டி எழுதுனத வச்சு ஓட்றான்னு ஆபீஸ்ல பேசுவாங்கம்மா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட அழுகைதான் முட்டியது. கீழே இருந்ததையெல்லாம் பழையபடி மாற்றி ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. மேலே உரிமக் குறிப்பைத் திரும்ப ஒட்டி, பெயருக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டு லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

"நீங்களே அடிங்க. அடிக்காம இது வாசல் தாண்டக் கூடாது."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு எழுத்து, ஒரு புள்ளி, பிறகு அவள் பெயர். அடித்துவிட்டு நிமிர்ந்து, "இப்போ சந்தோஷமா?" என்றான். உண்மையாகவே கேட்டான்.

அவளுடைய அப்பாவின் முதலெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் அவனுடைய முதலெழுத்து இருந்தது.

அவள் அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அழிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போய், பெயர் போய், புள்ளி போய், அவன் எழுத்தும் போனது. விரலை எடுக்கவில்லை; அதற்கு முன்னால் இருந்த உரிமக் குறிப்பும் எழுத்தெழுத்தாகப் போகத் தொடங்கியது.