எலி என்று சொல்லக் கூடாது

எலி என்று சொல்லக் கூடாது என்று எங்கள் அதிகாரி வாயால் சொன்னது போதாதென்று எழுத்திலும் கொடுத்துவிட்டார். கிழக்குப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் ஃபோனில் விசாரித்தால், ‘கொறித்துண்ணிகளின் எண்ணிக்கை அதிகரித்துள்ளது’ என்றுதான் பதில் சொல்ல வேண்டுமாம். எலி என்றால் ஜனங்கள் மிரண்டுவிடுவார்கள், அந்தப் பக்கம் ஓடுகிற பதினாறு பஸ்ஸும் காலியாக ஓடும் என்பது அவர் கவலை. மனிதருக்குத் தூய தமிழ் மேல் இவ்வளவு பிரியம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் பஸ் ஸ்டாண்ட் மாடியில், விசாரணை அறையில் ஃபோன் எடுக்கிறவள். குரல் நன்றாக இருக்கும் என்பார்கள். வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த நீளத்துக்காக இரண்டு மெமோ வாங்கியாயிற்று. மூன்றாவது வந்தால் கண்காணாத ஊருக்குத் தூக்கியடிப்பார்கள். அதனால் தாளில் இருந்ததைத் தாளில் இருந்தபடியே படித்தேன்.

விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. கண்டக்டர்கள் வந்து சொல்லாத நாள் கிடையாது. அறுவடை முடிந்ததும் வயலில் இருந்ததெல்லாம் கூட்டமாக ஊருக்குள் புகுந்துவிட்டன. பட்டப்பகலில் ரோட்டைக் கடக்கின்றன. பஸ் அவற்றின் மேல் ஏறிப் போனாலும் பின்னால் வருவது நிற்பதில்லை. ஒரு பெரியவருக்குத் தூக்கத்தில் கட்டைவிரல் நுனி போய்விட்டது. ஊதி ஊதிக் கடித்ததால் வலியே தெரியவில்லை, விடிந்து படுக்கையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார் என்று ஒரு கண்டக்டர் சொன்னபோது, நான் செருப்பைக் கழற்றி என் கால்விரல்களை எண்ணிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், அப்படி ஒரு பயம்.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண் பேசினாள். சின்ன வயசுக் குரல். குழந்தை பிறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறதாம். புருஷன் லாரி டிரைவர், இரண்டு மாதமாக வீட்டுக்கே வரவில்லை, இன்று சாயங்காலம் கிழக்கே தானியக் கிடங்கில் லோடு ஏற்ற வருகிறான். அங்கே ஒரு லாட்ஜில் தங்கி அவனுக்குப் பிள்ளையைக் காட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஏதோ தொந்தரவு என்கிறார்களே, குழந்தையோடு போகலாமா என்று கேட்டாள்.

நான் தாளைப் படித்தேன். கொறித்துண்ணிகளின் எண்ணிக்கை அதிகரித்துள்ளது. தரையில் படுக்க வேண்டாம். உணவுப் பொருட்களைத் திறந்து வைக்க வேண்டாம்.

“அவ்வளவுதானாக்கா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். பவுடர் வாங்கிட்டுப் போயிடறேன். பிள்ளைய கட்டில்லயே போட்டுக்கறேன்.”

சந்தோஷமாக வைத்துவிட்டாள். பவுடரா, என்ன பவுடர் என்று ஒரு நொடி யோசித்தேன். அதற்குள் அடுத்த மணி அடித்தது.

பதினோரு மணிக்கு ஒருவர் கூப்பிட்டார். அவரிடமும் தாளைப் படித்தேன். அவர் கவலையோடு, அப்படியென்றால் எங்கள் நாயைக் கூட்டிப் போகலாமா, அதற்கு ஏற்கெனவே காதெல்லாம் உண்ணி, இன்னும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கொறித்துண்ணியில் மனிதருக்கு உண்ணி மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது!

சிரித்து முடிக்கவில்லை, காலையில் பேசியவள் ஞாபகத்துக்கு வந்தாள். பவுடர். அவள் வாங்கிப் போனது உண்ணிக்குப் போடுகிற பவுடர்.

எங்கள் ஃபோனில் கூப்பிட்டவர் நம்பர் தெரியாது. அவள் பேரைக்கூட நான் கேட்கவில்லை. படியில் விழுந்தடித்து இறங்கி, பஸ் நேரம் குறிக்கிற டைம் ஆபீஸில், ஒன்பது மணிக்குப் பிறகு கிடங்கு வழியாகக் கிழக்கே போன பஸ்ஸின் கண்டக்டர் நம்பரை வாங்கினேன். நாலாவது தடவைதான் எடுத்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாளே என்றேன். வழியெல்லாம் பிள்ளையை அணைத்துக்கொண்டு தூங்கி வந்தாள், கிடங்கு முக்கில் இறங்கி லாட்ஜுக்கு வழி கேட்டுப் போய் முக்கால் மணி நேரம் ஆகிறது என்றார்.

கீழே அதிகாரியின் ஜீப் நின்றது. டிரைவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். ஐயாவுக்கு மீட்டிங் இருக்கிறது என்றான். ஐயா கேட்டால் என் பேரைச் சொல், இப்போது வண்டியை எடு என்றேன். என் முகத்தில் என்ன பார்த்தானோ, எடுத்துவிட்டான்.

அரைமணி நேரத்தில் வயல்கள் வந்தன. அறுத்த நெல்லின் தாள்கட்டைகளுக்கு நடுவே மண் அசைவது மாதிரி இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். மண் இல்லை. அதற்குப் பிறகு நான் வெளியே பார்க்கவில்லை. இவ்வளவு இருக்கும் என்று எனக்கே தெரியாது. கேட்டது வேறு, பார்ப்பது வேறு. டிரைவர் காலை இருக்கை மேல் தூக்கிவைக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான்.

லாட்ஜ்காரர் வாசலில் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். காலைத் தரையில் வைக்காமல்தான். குழந்தையோடு வந்த பெண் எங்கே என்றேன். ஆறாம் நம்பர் ரூம் என்றார். எலி இருப்பதை அவளிடம் சொன்னீர்களா என்று கேட்டதற்கு, எங்கேதான் எலி இல்லை, ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும், அதைச் சொல்லி எதற்கு ஆளைப் பயமுறுத்துவது என்றார். ஓங்கி ஒரு அறை விடலாம் போல் ஆத்திரம் வந்தது. அடுத்த நொடியே அது அடங்கிவிட்டது. நான் மட்டும் என்ன சொன்னேன்?

ஆறாம் நம்பர் கதவு பூட்டியிருந்தது. வெளியே பூட்டு. வராந்தா கோடியில் இருந்த குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் கதவில் காதை வைத்தேன். குழந்தை அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு உயிர் வந்திருக்கும். உள்ளே காகிதத்தைக் கசக்குவது மாதிரி, விட்டு விட்டு ஒரு சத்தம்.

நான் குளியலறைக் கதவைப் போய்த் தட்டிய தட்டில் அவள் ஈரத் தலையோடு, நைட்டியை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். சாவி அவள் கையிலேயே இருந்தது.

“யாராவது பிள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பூட்டிட்டுப் போனேன். நல்லா தூங்கறான். ஏன், என்ன ஆச்சு?”

சாவி துவாரத்தில் சேரவில்லை. அவள் கையிலிருந்து பிடுங்கி நானே திறந்தேன்.

கட்டிலைச் சுற்றி வெள்ளைப் பவுடரை வட்டமாகத் தூவியிருந்தாள். ஒரு இடம் விடாமல், கனமாக, பார்த்துப் பார்த்துத் தூவியிருந்தாள். அந்த வெள்ளை முழுக்கச் சின்னச் சின்னக் கால்தடங்கள். எல்லாத் தடங்களும் உள்ளே போயிருந்தன. வெளியே வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

குழந்தைக்குப் போர்த்தியிருந்த துணி கால்மாட்டில் மேடாக எழும்பி அசைந்தது. நான் கத்தினேனா, அவள் கத்தினாளா, தெரியாது. துணியை இழுத்ததும் நாலைந்து என் கை மேலேயே ஏறிக் குதித்து ஓடின. அந்த நகம் பட்டது இப்போதும் தோலில் இருக்கிறது. குழந்தையைத் தூக்கித் திருப்பினேன். முகம் நன்றாக இருந்தது. இடது காலில் இரண்டு விரல்கள் நன்றாக இல்லை. அப்புறம்தான் அது வாயைத் திறந்து வீரிட்டது.

ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளை அவள் மடியில், அதன் காலைத் துணி சுற்றி நான் அழுத்திப் பிடித்திருந்தேன். பாதி வழி வரை அவள் துணியில் ரத்தம் பரவுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டிரைவரைச் சீக்கிரம் போகச் சொன்னபோதுதான் நிமிர்ந்தாள்.

“காலைல ஃபோன்ல பேசுனது நீங்கதானே?”

ஆமாம் என்றேன்.

“எலின்னு ஏன்க்கா சொல்லல? சொல்லியிருந்தா நான் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டேனே.”

“பயந்துட்டேன்மா.”

“எலிக்கா?”

“இல்ல. எங்க ஆபீசருக்கு.”

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, குழந்தையின் காலைத் துணியோடு வாங்கித் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வந்து சேரும்வரை என்னைத் தொடவிடவில்லை.