சொருகியே இருந்த டிஸ்க்

டோன்யா சுலேமாவின் வீட்டுக்குள் நுழைந்ததும், கணினியின் பின்னால் கைவிட்டு இன்டர்நெட் வயரைப் பிடுங்கினேன். இனிப் பிடுங்கிப் பயனில்லை என்று தெரிந்தும் பிடுங்கினேன். திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்கப் பணம் அனுப்பவும் என்று தப்பும் தவறுமான ஸ்பானிஷில் எழுதியிருந்தது. சால்ட்டோ ஊருக்குள் அன்று நான் படியேறிய ஐந்தாவது வீடு அது. முந்தைய நான்கிலும் தூசி தட்டி, பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி, அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சிவிட்டு வந்திருந்தேன். வீடு வீடாகக் கணினி பழுது பார்த்துப் பதினாறு வருடமாக இதே பேச்சுதான். சில நாள் என் குரல் என் காதிலேயே விழுவதில்லை.

“கரண்ட் பில்லுன்னு மெயில் வந்துச்சு மிர்த்தா. தொறந்தேன், அவ்ளோதான்,” என்றார் சுலேமா.

சுற்றுவட்டப் பண்ணைகளில் நாற்பது வருடம் பிரசவம் பார்த்தவர்; ஊரே மரியாதையாக டோன்யா என்றுதான் கூப்பிடும். ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகள். ஒவ்வொன்றுக்கும் பிறந்த நேரம், எடை, முதல் அழுகைக்கு எவ்வளவு நேரமானது என்று நோட்டில் குறித்திருந்தார். ஆற்று வெள்ளத்தில் நோட்டுகள் பூஞ்சை பிடித்ததும், மூன்று குளிர்காலம் உட்கார்ந்து ஒற்றை விரலால் கணினியில் தட்டி ஏற்றினார். பிறகு நோட்டுகளைக் கொளுத்திவிட்டார். தாயில்லாதவர்கள், தாய்க்கு நினைவு தப்பிப்போனவர்கள் தாங்கள் பிறந்த நேரம் கேட்டு இன்னும் அவரைத் தேடி வருவார்கள்.

“எல்லாத்துக்கும் இன்னொரு காப்பி அந்த டிஸ்க்ல இருக்குல்ல? நீதான வாங்கியாந்து குடுத்த?”

மேசை விளக்கின் பின்னால் டிஸ்க் மினுக்கிக்கொண்டிருந்தது. கணினியோடு சொருகியபடியே. கழற்றி, என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒன்றும் திறக்கவில்லை; சொருகியிருந்ததால் அதையும் சேர்த்துப் பூட்டியிருந்தார்கள்.

சுலேமா மாத்தே இலைக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, உறிஞ்சும் குழலோடு நீட்டினார். உறிஞ்சினேன். கசப்பு நெஞ்சு வரை இறங்கியது.

“எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்,” என்றார். “இத்தன வயசுக்கு அப்புறம் கண்ட மெயிலத் தொறக்குறேன்.”

பேசாமல் இருந்திருக்கலாம். அவரே பழியை ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் மார்ச் மாதம் இதே நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். காப்பி எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைக்கட்டுமா என்று அவர் கேட்டார். இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது. கழற்றவும் மாட்டவும் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரமாவது ஆகும்.

“டோன்யா, அது உங்க தப்பு மட்டும் இல்ல. சொருகியே இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். கழட்டி வெச்சிருந்தா காப்பியாவது தப்பிச்சிருக்கும். அன்னிக்கு எனக்கு அசதியா இருந்துச்சு.”

அவர் மாத்தே கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வெந்நீர் ஊற்றாமல் கீழே வைத்தார்.

“எனக்கும்தான் அசதியா இருக்கும்,” என்றார். “அதுக்காகக் கொழந்த தலை வெளிய தெரியறப்ப எந்திரிச்சுப் போயிருக்கேனா?”

பணம் அனுப்ப வேண்டாம், அனுப்பினாலும் திறப்பார்கள் என்று நிச்சயமில்லை, டிஸ்க்கை அப்படியே வைத்திருங்கள், என்றாவது பூட்டைத் திறக்க வழி கண்டுபிடிப்பார்கள் என்று மட்டும் சொன்னேன். எனக்கே அது சப்பையாகத்தான் ஒலித்தது.

அப்போது வாசலில் நின்று யாரோ கை தட்டிக் கூப்பிட்டார்கள். ஆரஞ்சுத் தோப்பு வேலை உடையோடு, நாற்பது வயதிருக்கும், ஒரு ஆள்.

“எலாடியோங்க. ரெமிஹியா மகன். அம்மா போன வாரம் போயிட்டாங்க,” என்றான். “நான் எத்தன மணிக்குப் பொறந்தேன்னு ஒரு நாளும் கேட்டுக்கல. நீங்க எழுதி வெச்சிருப்பீங்கன்னு ஊர்ல சொன்னாங்க.”

சுலேமா சிவப்புத் திரையைப் பார்த்தார். கண்ணை மூடினார்.

“ரெமிஹியா. ஞாபகம் இருக்கு. நல்ல மழை. கட்டிலுக்கு அடியில நாய் படுத்துக்கிட்டு வெளிய வர மாட்டேன்னுருச்சு. உங்கப்பன் கோழிக்கூண்டுக்குள்ள போய் அழுதுட்டு இருந்தான்.”

அவன் சிரித்தான். கண் நிறைந்திருந்தது. “மணி?”

அவர் உதடுகள் அசைந்தன. விரல் மேசையில் எதையோ தேடியது. அந்த மணி சிவப்புத் திரைக்குப் பின்னால் பூட்டிக் கிடந்தது.

“விடியக்காலம் நாலு பத்து,” என்றார், என் பக்கம் திரும்பாமல்.

அவன் என்னிடம் பேனா வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். மை கலைந்துவிடாதபடி கையை விரித்துப் பிடித்துக்கொண்டே, வெயிலில் இறங்கி நடந்தான்.